வேனில் இடமில்லை

காணும் பொங்கலன்று சாயங்காலம் நாலு மணிக்கு மெரினாவில் நின்று பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு தடவை போய் நில்லுங்கள். கடலில் இறங்க முடியாதபடி சவுக்குக் கட்டை கட்டித் தடுத்திருப்பார்கள். சின்னக் குழந்தைகளின் மணிக்கட்டில் அப்பாவின் போன் நம்பர் எழுதிய பட்டையை போலீஸ்காரர்களே கட்டிவிடுவார்கள். மணலில் ஜமக்காளம், பெட்ஷீட், பழைய பேனர் எதையாவது விரித்து, நடுவில் எவர்சில்வர் தூக்கு. புளிசாதம். சிலபேர் பிரியாணி. பாட்டி நடுவில், பேரன்கள் ஓரத்தில், மாப்பிள்ளை மட்டும் கொஞ்சம் தள்ளி செல்போனோடு. இப்படி ஆயிரக்கணக்கான குடும்பங்கள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. ஒரு குடும்பத்துத் தயிர்சாதம் எங்கே முடிகிறது, அடுத்த குடும்பத்து சுண்டல் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

குடும்பத்தோடு வெளியே போவதற்கென்றே வருஷத்தில் ஒரு நாளை ஒதுக்கிவைத்திருக்கிறோம். அது போதாதென்று ஆற்றங்கரைக்குப் போக ஆடிப்பெருக்கு வேறு. இப்படிப்பட்ட நம் ஆட்கள், குடும்பப் படம் என்றால் உயிரை விடுகிறவர்கள், குடும்பம் வெளியே போவதை மட்டும் ஏன் சினிமாவில் உருப்படியாகக் காட்டுவதே இல்லை என்பதுதான் என் கேள்வி.

உடனே நீங்கள், ஏன் இல்லை, எல்லோரும் சேர்ந்து பாடுவார்களே என்பீர்கள். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதில் பத்துப் பேர் ஒரே கலரில் டிரஸ் போட்டுக்கொண்டு புல்வெளியில் கைகோத்து ஆடுவார்கள். யாருக்கும் வாந்தி வராது. யாரும் பாத்ரூம் எங்கே என்று கேட்க மாட்டார்கள். வேன் வாடகையை யார் கொடுத்தது என்பது கடைசிவரை தெரியாது. நிஜத்தில், வேன் கிளம்பின பத்தாவது நிமிஷம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கொடுத்தவர் முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

நம் குடும்பப் படங்களின் பட்டியலை ஒரு நோட்டம் விடுவோம். 'பாமா விஜயம்' (1967). மூன்று பிள்ளைகள், மூன்று மருமகள்கள், பாலையா. நடிகை வீட்டுக்கு வருகிறாள் என்றதும் கடன் வாங்கி சோபா வாங்குகிறார்கள். இன்றைக்குப் பார்த்தாலும் சிரிப்பு வருகிற படம். ஆனால் எல்லாமே அந்த வீட்டுக்குள். உலகம் வீட்டுக்குள் வருமே தவிர, வீடு உலகத்துக்குள் போகாது. 'சம்சாரம் அது மின்சாரம்' (1986). விசு, லட்சுமி, ரகுவரன், மனோரமா. தேசிய விருது வாங்கிய படம். அப்பா வீட்டுக்கு நடுவில் கோடு போட்டுப் பிரிக்கிறார். கடைசியில் எல்லோரும் சேர்ந்துவிடுவார்கள் என்று தியேட்டரே கைக்குட்டையோடு காத்திருக்கும்போது, மூத்த மருமகள் வேண்டாம் என்கிறாள். தள்ளி இருந்து, அவ்வப்போது சந்தித்து, பிரியமாக இருப்போம் என்று கிளம்பிப் போகிறாள். அந்தக் காலத்துக்கு இது பெரிய தைரியம். ஆனால் பாருங்கள், படம் அங்கே முடிந்துவிடுகிறது. அந்த 'அவ்வப்போது சந்தித்து' என்பது எப்படி நடந்தது? எந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கே, யார் போன் செய்து, யார் வராமல்போய்? எனக்கு அந்தப் படம்தான் வேண்டும். அதை யாரும் எடுக்கவில்லை.

இதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. பாலசந்தரும் விசுவும் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். மேடையில் ஒரு ஹால்தான் உண்டு. இடது பக்கம் சமையலறை, வலது பக்கம் வாசல், நடுவில் மாடிப்படி. எல்லோரும் அங்கே வந்துதான் சண்டை போட வேண்டும். பழக்கம் சினிமாவுக்கும் வந்துவிட்டது. இன்னொன்று செலவு. பதினைந்து நடிகர்களை வேனில் ஏற்றிப் பொது இடத்துக்குக் கூட்டிப்போய் ஷூட்டிங் வைத்தால், அரை மணியில் ஊரே கூடிவிடும். யார் நடிகர், யார் வேடிக்கை பார்ப்பவர் என்று தெரியாது. ஏவி.எம்.மில் செட் போட்டால் நிம்மதி.

ஆனால் செலவில்லாத எழுத்திலும் இதே கதைதான். 'பொன்னியின் செல்வ'னின் முதல் அத்தியாயத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கு. வீராணம் ஏரிக்கரை. குடும்பம் குடும்பமாக மாட்டு வண்டிகளில் வந்து இறங்குகிறார்கள். கமுகு மட்டையில் சித்ரான்னம் சாப்பிடுகிறார்கள். குழந்தைகள் மட்டைகளைத் தண்ணீரில் எறிந்து, அது மதகு வழியாக அந்தப் பக்கம் ஓடி வருவதைப் பார்த்துக் கைதட்டுகின்றன. தமிழில் இவ்வளவு சந்தோஷமான ஒரு குடும்ப உலா வர்ணனை குறைவு. ஆனால் கல்கி என்ன செய்கிறார்? வந்தியத்தேவன் குதிரையைத் தட்டிக்கொண்டு கிளம்பியதும், அவர் பின்னாலேயே போய்விடுகிறார். 1950 முதல் 1954 வரை, ஐந்து பாகம். மட்டை எறிந்த குழந்தை சாயங்காலம் வீடு போய்ச் சேர்ந்ததா என்று தெரியவே தெரியாது. கல்கியைக் குறை சொல்லவில்லை, அவருக்கு ராஜ்யத்துக் கவலை. நான் சொல்வது, நமக்கு எப்போதும் குதிரைதான் கதை. மட்டை கதை இல்லை.

2000-க்கு வருவோம். விக்ரமனின் 'வானத்தைப் போல'. இதற்கும் தேசிய விருது. தம்பிகளுக்காகக் கல்யாணமே செய்துகொள்ளாத அண்ணன் விஜயகாந்த். அடுத்த வருஷம் லிங்குசாமியின் 'ஆனந்தம்'. மளிகைக் கடை, நாலு அண்ணன் தம்பிகள். இது கொஞ்சம் மண் வாசனையோடு இருக்கும். கடை என்ற ஒன்று இருப்பதால் ஆட்கள் வேலை செய்கிறார்கள். 2018-ல் பாண்டிராஜின் 'கடைக்குட்டி சிங்கம்'. ஐந்து அக்காக்கள், ஒரு தம்பி, சத்யராஜ். மூன்றுமே ஓடின படங்கள். எங்கள் வீட்டில் மூன்றையும் டி.வி.யில் எத்தனை தடவை பார்த்தோம் என்று கணக்கில்லை. மறைக்க என்ன இருக்கிறது, நானும் கண்ணைத் துடைத்திருக்கிறேன்.

ஆனால் இவற்றில் அன்பு என்றாலே தியாகம்தான். சொத்தை விட்டுக்கொடுப்பார்கள், காதலியை விட்டுக்கொடுப்பார்கள், தேவைப்பட்டால் உயிரையே கொடுப்பார்கள். ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. நீங்களே சொல்லுங்கள், உங்கள் அண்ணன் உங்களுக்காக எப்போதாவது சொத்தை விட்டுக்கொடுத்தாரா? எனக்குத் தெரிந்து எந்த வீட்டிலும் அப்படி சகஜமாக நடப்பதில்லை. ஆனால் மகாபலிபுரத்திலிருந்து திரும்பும்போது தூங்கிப்போன உங்கள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, கால் மரத்துப்போயும் அசையாமல் திருவான்மியூர்வரை வந்திருப்பார். அதை அவரும் சொல்ல மாட்டார், நீங்களும் கேட்க மாட்டீர்கள். குடும்பம் என்பது அநேகமாக அந்தக் கால்தான். கேமராவுக்கு அது பக்கத்தில் போகத் தெரியவில்லை.

தமிழில் எனக்குப் பிடித்த ஒரு வெளியே போகும் காட்சி இருக்கிறது. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). பேத்தி கட்டுகிற வீடு பாதியில் நிற்கிறது. சொக்கலிங்க பாகவதர் தாத்தா. ஒரு நாள் தனியாகக் கிளம்பி அதைப் பார்க்கப் போகிறார். சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். அறை அறையாக நடக்கிறார். வசனம் கிடையாது, இளையராஜாவின் இசை மட்டும். அந்தப் பயணத்திலேயே இறந்தும்போகிறார். ஒரு கிழவர் வெளியே போய் வருவதை இவ்வளவு நேரம் பொறுமையாக உடன்போய்ப் பார்த்த தமிழ் டைரக்டர் அவர். ஆனால் அதிலும் தாத்தா தனியாகத்தான் போனார், கவனித்தீர்களா?

இப்போது ஜப்பானுக்குப் போக அனுமதி கொடுங்கள். வேண்டாம் என்றாலும் போகத்தான் போகிறேன்.

யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' 1953-ல் வந்தது. உலகத்து டைரக்டர்களைக் கேட்டு லண்டன் பத்திரிகை 'சைட் அண்ட் சவுண்ட்' 2012-ல் எடுத்த வாக்கெடுப்பில் முதலிடம் வாங்கியது. அதனால் கடினமான படம் என்று பயப்பட வேண்டாம். கதையை ஒரு வரியில் சொல்லலாம்: ஓனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து ஒரு வயசான தம்பதி, டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். அவ்வளவுதான். நம்ம ஊரில், கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு வந்து பெரிய பிள்ளை வீட்டில் பத்து நாள், பெண் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுப் போகிற கதை. நமக்கு இதை யாரும் சப்டைட்டில் போட்டு விளக்க வேண்டியதில்லை.

இந்தப் படம் முழுக்கவே வெளியே கூட்டிப்போவது பற்றியது. அதை நான் மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் கவனித்தேன். பெரிய பிள்ளை டாக்டர். ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவையும் குழந்தைகளையும் ஊர் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. எல்லோரும் டிரஸ் பண்ணிக்கொண்டு ரெடி. அந்த நேரம் பார்த்து ஒரு நோயாளிக்கு உடம்பு மோசம் என்று ஆள் வருகிறது. டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். மருமகள், நான் வேண்டுமானால் கூட்டிப்போகட்டுமா என்கிறாள். வீட்டில் ஆள் வேண்டாமா என்று அதுவும் இல்லாமல் போகிறது. பேரன் கத்தி ரகளை செய்கிறான். தாத்தாவும் பாட்டியும் பரவாயில்லை பரவாயில்லை என்கிறார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. டாக்டர் போகத்தான் வேண்டும்.

பிறகு பாட்டி, சின்னப் பேரனை மட்டும் பக்கத்தில் இருக்கும் புல்மேட்டுக்குக் கூட்டிப்போகிறாள். டோக்கியோ சுற்றிப் பார்ப்பது என்பது ஒரு புல்மேடாகச் சுருங்கிவிட்டது. நீ பெரியவனாகி என்ன ஆகப்போகிறாய், அப்பா மாதிரி டாக்டரா என்று கேட்கிறாள். நீ டாக்டர் ஆகும்போது நான் இருப்பேனோ என்னவோ என்கிறாள். பையன் காதிலேயே வாங்காமல் புல்லைப் பிய்த்துக்கொண்டிருக்கிறான். தாத்தா மாடி ஜன்னலிலிருந்து இவர்களைப் பார்க்கிறார். ஓசு இதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை. நம் ஆளாக இருந்தால் இங்கே ஒரு புல்லாங்குழலும், பாட்டி நெஞ்சைப் பிடித்துக்கொள்வதும் நிச்சயம்.

கடைசியில் அவர்களை ஊர் சுற்றிக் காட்டுவது யார்? போரில் இறந்துபோன இரண்டாவது பிள்ளையின் மனைவி, நோரிகோ. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு டூரிஸ்ட் பஸ்ஸில் கூட்டிப்போகிறாள். பஸ் குலுங்குகிறது, எல்லாத் தலைகளும் ஒரே மாதிரி ஆடுகின்றன. ஒரு பெரிய கடையின் உயரத்திலிருந்து, அதோ அந்தப் பக்கம்தான் பெரியவர் வீடு, இந்தப் பக்கம் அக்கா வீடு என்று கையைக் காட்டுகிறாள். உன் வீடு எங்கே என்று கேட்டால் வேறு திசையில் காட்டுகிறாள். ரத்த உறவு இல்லாதவள் வேறு திசையில் இருக்கிறாள் என்பதை ஒரு கை நீட்டலில் சொன்ன படம். பிறகு தன் ஒற்றை அறைக்குக் கூட்டிப்போய், பக்கத்து வீட்டில் சாராயம் கடன் வாங்கி மாமனாருக்கு ஊற்றித் தருகிறாள். (மாமனாராக நடித்த சிஷு ர்யுவுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயசுதான். நடையிலேயே எழுபதைக் கொண்டுவந்திருப்பார்.)

இதற்கு அடுத்ததுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்த இடம். பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து பேசி, காசு போட்டு, பெற்றோரை அட்டாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். பார்வைக்குப் பிரியம். உள்ளே ஒரு கணக்கு: இங்கே வைத்துக்கொண்டு கவனிப்பதைவிட இது சிக்கனம். அந்த ஓட்டலோ இளவட்டங்களுக்கானது. ராத்திரி முழுக்க பாட்டு, சீட்டுக்கச்சேரி மாதிரி ஒரு மாஜாங் ஆட்டம். இரண்டு பேருக்கும் தூக்கமில்லை. காலையில் கடல் சுவர் மேல் உட்கார்ந்து, ஊருக்குப் போய்விடலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். எழுந்திருக்கும்போது கிழவிக்குத் தலை சுற்றுகிறது. ஒரு நொடிதான். பார்க்கிற நமக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது.

வயிற்றைப் பிசைந்ததற்குக் காரணம், இது நமக்குத் தெரிந்த வேலை. அப்பா அம்மாவை காசி-ராமேஸ்வரம் பேக்கேஜ் டூரில் ஏற்றிவிட்டு, ஸ்டேஷனில் கையசைத்துவிட்டு வந்து, வீட்டு ஹாலில் காலை நீட்டி ஒரு பெருமூச்சு விட்டிருக்கிறோமா இல்லையா? 'ரெண்டு பேரும் சந்தோஷமா போய்ட்டு வரட்டும் பாவம்' என்ற வாக்கியத்தில் அந்தப் 'பாவம்' யாருக்கு? ஓசு அதைக் கேட்டுவிட்டார், 1953-லேயே.

ஓசு 1963-ல் போய்விட்டார். இப்போது இருப்பவர் ஹிரோகசு கோரெ-எடா. எல்லோரும் அவரை ஓசுவின் வாரிசு என்கிறார்கள். அவரோ, நான் நருசே பக்கம் என்கிறார். அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். அவருடைய 'ஸ்டில் வாக்கிங்' (2008) கிடைத்தால் பாருங்கள். இறந்துபோன மூத்த பிள்ளையின் நினைவு நாளுக்கு அக்கா, தம்பி, குழந்தைகள் எல்லோரும் பெற்றோர் வீட்டில் கூடுகிறார்கள். ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுநாள் காலை. அம்மா மக்காச்சோளத்தை உதிர்த்து மாவில் தோய்த்துப் பொரிக்கிறாள். எண்ணெய்ச் சத்தம் கேட்டதும் அப்பா அறையிலிருந்து வெளியே வருகிறார். பிறகு கல்லறைக்கு நடை, கடற்கரைக்கு நடை. தலைப்புக்கேற்ப நடந்துகொண்டே இருக்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு ஓர் ஆசை: பிள்ளை ஓட்டுகிற காரில் உட்கார்ந்து கடைக்குப் போக வேண்டும். அப்பா பேரனிடம், ஃபுட்பால் மாட்ச் பார்க்கப் போகலாம் என்கிறார். சரி, ஒரு நாள் போகலாம் என்கிறான் பிள்ளை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவன், வருஷத்துக்கு ஒரு தடவை போதும், புதுவருஷத்துக்கு வர வேண்டாம் என்கிறான். அதே நேரத்தில் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும் அப்பா, அடுத்தது புதுவருஷத்துக்கு வருவார்கள் என்கிறார். பிறகு பிள்ளையின் குரல் இரண்டே வாக்கியத்தில் மிச்சத்தைச் சொல்கிறது. அப்பா இறந்துவிட்டார், மாட்ச்சுக்குப் போகவே இல்லை. அம்மாவும் இறந்துவிட்டாள், காரில் உட்காரவே இல்லை. அடுத்த காட்சியில் அவன் தன் குடும்பத்தோடு கல்லறைக்கு வந்துவிட்டுப் போகிறான். கீழே கார் நிற்கிறது.

இந்தப் படத்தில் அம்மா எதையும் நேராகக் கேட்பதில்லை. அங்கேதான் எனக்கு எங்கள் அத்தை ஞாபகம் வந்தது. அப்பாவின் அக்கா. சின்ன வயசிலேயே கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்டவர். நாங்கள் வேன் பிடித்துப் போன ஊர்கள் கொஞ்சமில்லை. வண்டலூர், முட்டுக்காடு, காஞ்சிபுரம், ஒரு தடவை திருச்செந்தூர்வரை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பதினாலு பேருக்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டித் தருவது அத்தை. வேனில் ஏறும்போது எப்படியும் ஒரு சீட் குறையும். "நீங்க போய்ட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்பார். அவர் சொல்வதற்கு முன்னாலேயே நாங்கள் கதவைச் சாத்த ஆரம்பித்துவிடுவோம். திரும்பி வந்ததும், கடல் எப்படி இருந்தது, கூட்டம் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பதில் சொல்ல எங்களுக்கு அலுப்பாக இருக்கும்.

2017-ல் சென்னையில் சுரங்கத்துக்குள் மெட்ரோ ஓட ஆரம்பித்தபோது அத்தை என்னிடம் கேட்டார்: "ஏன்டா, அந்த சுரங்க ரயில்ல ரொம்பக் குளிருமாமே?" ஆமாம் அத்தை, ஏசி என்றேன். பேப்பரைத் திருப்பிக்கொண்டேன். அது கேள்வி இல்லை என்பது 'ஸ்டில் வாக்கிங்'கை இரண்டாவது தடவை பார்க்கும்போது புரிந்தது. 2019-லேயே அத்தை போய்விட்டார். மெட்ரோ ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம்.

சொந்தக் கதையை நிறுத்துகிறேன். விமரிசனத்தில் இதெல்லாம் கூடாது என்பார்கள். ஆனால் ஒரு படம் நல்ல படமா என்று பார்க்க எனக்கு வேறு அளவுகோல் கிடைக்கவில்லை. 'வானத்தைப் போல' பார்த்துவிட்டு அழுதேன் என்றேன் அல்லவா? அழுதுவிட்டு எழுந்துபோய்ச் சாப்பிட்டேன். நாம் எவ்வளவு நல்லவர்கள் என்று அழவைத்த படம் அது. ஜப்பான்காரர்கள் அழவைக்கவில்லை. மறுநாள் ஊரில் இருக்கும் சித்திக்கு போன் செய்யவைத்தார்கள்.

நம்மால் முடியாததில்லை. 'மெட்டி ஒலி' மாதிரி சீரியலில் திருமுருகன் ஐந்து பெண்களைப் பெற்ற ஓர் அப்பாவின் நாளைப் பொறுமையாக, காபி டம்ளர் சத்தத்தோடு காட்டினார். 2002 முதல் 2005 வரை ஊரே உட்கார்ந்து பார்த்தது. பாண்டிராஜ் 'மெரினா' (2012) எடுத்தார். மணலில் சுண்டல் விற்கும் பையன்கள் பக்கம் நின்று எடுத்தார், நல்ல காரியம். அந்தப் பையன் சுண்டல் நீட்டும்போது, வாங்கலாமா வேண்டாமா என்று அப்பா முகத்தைப் பார்க்கிறதே ஒரு குடும்பம், அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினால் போதும்.

யாராவது டைரக்டர் இதைப் படித்தால், கதை இலவசம். காணும் பொங்கல். ஒரு வேன், பதினாலு பேர். காலை மூன்று மணிக்கு ஆரம்பித்து ராத்திரி பத்து மணிக்கு முடிய வேண்டும். வில்லன் கிடையாது. சொத்துப் பத்திரம் கிடையாது. ஒரு குழந்தை அரை மணி நேரம் காணாமல் போகலாம், கையில் போன் நம்பர் இருப்பதால் கிடைத்துவிடும். தயாரிப்பாளர், இதில் கதை எங்கே சார் என்று கேட்பார். வேன் கிளம்பும்போது கேமராவை வேனுக்குள் வைக்காமல் வாசலில் வைக்கச் சொல்லுங்கள்.

அத்தைக்கு ஒரே ஒரு வசனம்தான். மேலே எழுதியிருக்கிறேன்.